புறுபுறுப்பை முறைப்பாடாக்கிறது எப்பிடி? (சங்கக் கூட்டங்களில எழுதுறவைக்கு)

வாய்க்கால்கரை (இழையைத் தொடங்கியவர்):

மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு எண்டு எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் பாதி நேரம் புறுபுறுப்பில போகுது. ரோட்டு, தண்ணி, மாடு, கரண்ட், பஸ். கடைசியில கூட்டறிக்கைப் புத்தகத்தில ஏறுறது "மக்கள் தமது குறைகளைத் தெரிவித்தனர்" எண்ட ஒரு வரி. அந்த வரியை வைச்சு எந்தக் கந்தோரும் ஒண்டும் செய்யேலாது. செயலாளராய் இருக்கிற ஆள், சனம் வாயால சொல்லுறதில எதைப் பிடிக்கவேணும், எதை விடவேணும், பிறகு ஆருக்கு எப்பிடி எழுதவேணும்? தெரிஞ்சவை விளக்கமா எழுதுங்கோ. வட மாகாணத்தில எங்கட வன்னிப் பக்கம், கரைச்சி, கண்டாவளை, கரைதுறைப்பற்று, துணுக்காய், நெடுங்கேணி எல்லாத்துக்கும் உதவும்.

கூட்டறிக்கை:

முதல்ல காது குடுக்கவேணும். எங்கட சனம் எல்லாக் குறையையும் ஒரே மாதிரிச் சொல்லுறேல்லை.

புறுபுறுக்கிற ஆள் ஒருத்தரையும் பாத்துச் சொல்லாது. பாயை மடிச்சுக்கொண்டோ தேத்தண்ணி ஊத்திக்கொண்டோ சொல்லும். "என்ன அக்கா?" எண்டு கேட்டா "ஒண்டுமில்லை" எண்டுதான் மறுமொழி வரும். அந்த ஆளைக் கூட்டம் முடிய வெளியில வைச்சுக் கேக்கவேணும், சபையில கேக்கப்படாது. மூக்கால அழுற ஆளுக்குப் பெரும்பாலும் ஒரு உதவி தேவைப்படுது, கேக்க வெக்கம். அது முறைப்பாடாகாது, விண்ணப்பமா எழுதவேண்டியது. நொட்டை சொல்லுறவரை ஆருக்கும் பிடிக்காது. ஆனா முடிஞ்ச வேலையின்ர தரத்தைப் பற்றிச் சரியான தகவல் அவரிட்டத்தான் இருக்கும்: "மதகு கட்டினவங்கள், தண்ணி இஞ்சாலதான் நிக்குது" எண்டா, மதகின்ர அடித்தளம் நிலத்தை விட உயரத்தில நிக்குது எண்டு அர்த்தம்.

நச்சரிப்பு வேறை. ஒரே ஆள் கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே விசயத்தைச் சொன்னா "பெரிய அரியண்டம்" எண்டு தள்ளிவிடுவினம். எழுத்தில முதல் ஏறவேண்டியது அதுதான். பழைய கூட்டறிக்கைகளில திகதியோட இருந்தா, பிரச்சினை தொடர்ந்து இருக்கு எண்டதுக்கு அதே சாட்சி. மண் அள்ளித் திட்டுற நிலைக்கு வந்த ஆள் ஏற்கெனவே நாலு கந்தோர் ஏறி இறங்கியிருக்கும். அவவிட்ட பழைய கடிதங்கள், துண்டுகள், இலக்கங்கள் இருக்கோ எண்டு கேளுங்கோ. பொலித்தீன் பையில சுத்தி வைச்சிருப்பா.

கோள் சொல்லுறதும் அள்ளிவைக்கிறதும் ஆளைப் பற்றினது. அதைக் கூட்டறிக்கையில எழுதவே கூடாது. பேரோட எழுதினா பிறகு சங்கம்தான் பொலிசில நிக்கவேண்டிவரும்.

மாத்திற விதத்துக்கு ஒரு உதாரணம். சபையில வாற பேச்சு: "உந்தக் கோதாரி விழுந்த ரோட்டால மனிசர் போகேலுமே!" இதுக்கு ஐஞ்சு கேள்வி. எந்த ரோட்டு? எதில இருந்து எதுமட்டும்? எப்ப தொடக்கம்? அதால என்ன நடந்தது? என்ன செய்யவேணும் எண்டு கேக்கிறம்? எழுதினா இப்பிடி வரும்: "பாடசாலைச் சந்தியிலிருந்து குளக்கட்டு வரையான சுமார் 600 மீற்றர் கிரவல் வீதியில், இரண்டாவது மதகுக்கு அருகில் வீதியின் பாதி அகலம் கடந்த மாரியில் அரிக்கப்பட்டுள்ளது. மழை நாட்களில் பாடசாலைப் பிள்ளைகள் செல்ல முடிவதில்லை. மாரிக்கு முன் மதகின் இருபுறமும் மண் நிரப்பி இறுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." கோதாரி போயிட்டுது, விசயம் நிக்குது. கோவத்தைக் குறைக்கச் சொல்லேல்லை, கடிதத்தை வாசிக்கிற தொழில்நுட்ப அலுவலர் இடத்துக்கு வரக்கூடியமாதிரி எழுதச் சொல்லுறன்.

மைல்கட்டை:

ரோட்டு முறைப்பாடு பாதி பிழையான கந்தோருக்குத்தான் போகுது. விதானையாரிட்ட (கிராம அலுவலரிட்ட) குடுத்து, அவர் பிரதேச செயலகத்துக்கு அனுப்பி, அங்கை இருந்து "உரிய நடவடிக்கைக்காக" எண்டு இன்னொரு இடத்துக்குப் போய், ஒரு மாரி முடிஞ்சிடும்.

வீதி ஆற்றை எண்டு முதல் பாருங்கோ. ஏ, பி எண்ட இலக்கம் உள்ள வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர: ஏ9, மாங்குளம் முல்லைத்தீவு ஏ34, பரந்தன் முல்லைத்தீவு ஏ35, பூநகரியால மன்னார் போற ஏ32. சி, டி வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின்ர. இந்த ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கிறதால கடிதம் மாறிப் போறது சர்வசாதாரணம். ஒண்டு மத்திய அரசின்ர அதிகார சபை, மற்றது மாகாணத்தின்ர திணைக்களம். உள்வீதி, ஒழுங்கை எல்லாம் பிரதேச சபை. குளக்கட்டு வீதியும் வாய்க்கால் கரை வீதியும் குளம் ஆற்றை பொறுப்போ அவையின்ர.

ஏ வீதிக்கு எழுதேக்க கிட்ட உள்ள கிலோமீற்றர் கல்லின்ர இலக்கத்தையும், இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்டதையும் போடுங்கோ. "சந்திக்குக் கிட்ட" எண்டா எந்தச் சந்தி எண்டு கந்தோரில இருக்கிறவைக்குத் தெரியாது.

தெருவிளக்கையும் இதோட சொல்லுறன். கம்பம் கரண்ட் குடுக்கிறவையின்ர, விளக்கு பிரதேச சபையின்ர. எரியேல்லை எண்டா பிரதேச சபைக்கு எழுதவேணும்.

கடைமடை:

தண்ணிக்கு வாறன். வன்னியில கூடப் புறுபுறுப்பு இதிலதான், மோசமா எழுதுறதும் இதைத்தான். "எங்களுக்குத் தண்ணி வருதில்லை" எண்டு எழுதினா வாற மறுமொழி எப்பவும் ஒண்டு: "தீர்மானித்தபடி நீர் திறக்கப்பட்டுள்ளது." அதுவும் பொய்யில்லை. துருசு (தண்ணி திறக்கிற கதவு) திறந்தது உண்மை, கடைமடைக்கு (வாய்க்காலின்ர கடைசி வயல்களுக்கு) வராததும் உண்மை. இடையில எங்க போச்செண்டு காட்டுறது எங்கட வேலை.

முதல், குளம் ஆற்றை? 80 ஹெக்டயர், அதாவது கிட்டத்தட்ட 200 ஏக்கர் வரைக்கும் பாயிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ. அதுக்குக் கமநல சேவை நிலையத்துக்கு எழுதவேணும். அதுக்கு மேல நீர்ப்பாசனத் திணைக்களம். இரணைமடு, முத்தையன்கட்டு மாதிரிக் குளங்களில எந்த வாய்க்கால், எந்தக் கிளை, எத்தினையாம் துருசு எண்டு எழுதாட்டி கடிதத்தால பலன் இல்லை.

ரெண்டாவது, போகம் தொடங்க முதல் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தின்ர தீர்மானத்தைக் கையில வைச்சிருங்கோ. எத்தினை ஏக்கர், எந்தத் திகதி முதல் தண்ணி, எத்தினை நாளுக்கு ஒரு முறை, விதைப்பு எப்ப முடியவேணும் எல்லாம் அதில இருக்கும். சிறுபோகத்தில தீர்மானிச்ச ஏக்கருக்கு மேல மேல்மடையில விதைச்சா கடைமடை காயும். அப்ப முறைப்பாடு "தண்ணி இல்லை" எண்டு இருக்கப்படாது. "தீர்மானத்துக்கு மேலதிகமாக விதைக்கப்பட்டுள்ளது, அளந்து பாருங்கள்" எண்டு இருக்கவேணும்.

மூண்டாவது அளவு. கிளை வாய்க்கால் தொடங்கிற இடத்திலயும் கடைசித் துருசடியிலயும் சீமெந்துச் சுவரில அடியில இருந்து அங்குலக் கணக்கில பெயின்ரால கோடு போடுங்கோ. முறை வாற நாள் காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ரெண்டு இடத்திலயும் படம் எடுங்கோ. மூண்டு முறைக்கு எடுத்தாக் காணும். மேல 14 அங்குலம் நிண்டு கீழ 3 அங்குலம் நிண்டா எங்கயோ வெட்டு இருக்கு, இல்லாட்டி புல்லும் சேறும் அடைச்சிருக்கு. மேலயே 6 அங்குலம்தான் எண்டா பிரச்சினை அங்கால, பிரதான வாய்க்காலில. நேர வித்தியாசத்தையும் பாருங்கோ: தண்ணி மேல வந்து கீழ வர வழமையா எடுக்கிற நேரத்தை விட இரட்டிப்பா எடுத்தா வாய்க்கால் துப்பரவாக்கேல்லை எண்டு விளங்கும். அந்தத் துப்பரவு கமக்காரர் அமைப்பின்ர பொறுப்பா இருந்தா கந்தோருக்கு எழுதி மினைக்கெடாதேங்கோ, சிரமதானத்துக்கு நாள் வையுங்கோ.

பாலைப்பழம்:

எல்லாம் சரி. ஆனா எழுதினா "பெட்டிசம் போடுற ஊர்" எண்டு பேர் விழும். பிறகு வீட்டுத்திட்டமோ வாழ்வாதார உதவியோ வரேக்க அந்த ஊரைத் தள்ளிவைப்பினம் எண்ட பயம் சனத்திட்ட உண்மையா இருக்கு. அதாலதான் புறுபுறுப்போட நிக்குதுகள். இதுக்கு மறுமொழி இல்லாமல் கடித மாதிரி மட்டும் குடுத்துப் பிரயோசனம் இல்லை.

பதிவுத்தபால்:

பாலைப்பழம் சொல்லுற பயம் நியாயம். அதுக்குத்தான் தனி ஆளின்ர பேரில போகாமல் சங்கத்தின்ர பேரில, கூட்டத் தீர்மான இலக்கத்தோட அனுப்புறது. "இத்தனையாம் திகதிய பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றப்பட்ட இத்தனையாம் இலக்கத் தீர்மானத்தின்படி" எண்டு தொடங்கினா, கடிதம் ஆரையும் தனியாக் காட்டிக்குடுக்காது.

மொட்டைக் கடதாசி மட்டும் வேண்டாம். பேர் இல்லாட்டி விசாரிக்க ஆளைக் கூப்பிடேலாது, மறுமொழி அனுப்ப விலாசம் இல்லை, கோப்பில ஏறாமல் போகும். அதோட ஊரில எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படத் தொடங்குவினம். அது ரோட்டுக் கிடங்கை விடப் பெரிய சேதம்.

ஒரு கடிதத்தில ஒரு விசயம் மட்டும். ரோட்டையும் மாட்டையும் கரண்டையும் சேர்த்து எழுதினா மூண்டு கிளைக்குப் பொறுப்பு, ஒரு கிளையும் எடுக்காது. முகவரி ஒருத்தருக்கு, பிரதி கூடினா ரெண்டு பேருக்கு. சனாதிபதி, ஆளுநர், பாராளுமன்ற உறுப்பினர் எண்டு ஒன்பது பேருக்குப் பிரதி போட்டா, மற்ற எட்டுப் பேரும் பாப்பினம் எண்டு ஒவ்வொருத்தரும் விட்டிடுவினம். நேர கொண்டுபோனா ரெண்டு படி எடுத்துக்கொண்டு போய், உங்கட படியில திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கோ. தபாலில எண்டா பதிவுத் தபால், துண்டைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில ஒட்டுங்கோ.

கையெழுத்து வேட்டையில நடக்கிற பெரிய பிழை: முதல் பக்கத்தில கோரிக்கை, பின்னால வெறும் கொப்பித் தாளில நூறு கையெழுத்து. அந்தத் தாளைக் கழட்டி வேறை எதோடயும் இணைக்கலாம். ஒவ்வொரு தாளின்ர தலையிலயும் கோரிக்கையை ரெண்டு வரியில திருப்பி எழுதி, தாள் இலக்கம் போட்டுத்தான் சனத்திட்டக் குடுக்கவேணும். அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை. பேர், விலாசம், கையெழுத்துக் காணும்.

கூட்டறிக்கை:

பயத்துக்கு இன்னொரு வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 இன் 12ஆம் இலக்கம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில இருக்கு. முறைப்பாடு "நீங்கள் பிழை விட்டனீங்கள்" எண்டு சொல்லுது. தகவல் விண்ணப்பம் "உங்கட கோப்பில என்ன இருக்கு, காட்டுங்கோ" எண்டு மட்டும் கேக்குது. ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை.

கேக்கிற விதம்தான் முக்கியம். "ஏன் எங்கட ரோட்டைப் போடேல்லை?" எண்டு கேட்டா மறுமொழி வராது, ஏனெண்டால் அதுக்கு ஒரு ஆவணம் இல்லை. "2024, 2025ஆம் ஆண்டுகளில் இவ்வீதிக்கு ஒதுக்கப்பட்ட நிதி, மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தகாரருக்கு வழங்கிய கொடுப்பனவு விபரம், வேலை முடிவுறுத்திய சான்றிதழின் பிரதி" எண்டு கேளுங்கோ. தகவல் அலுவலரிட்டக் குடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கோ. 14 வேலை நாளுக்குள்ள தருவமோ மாட்டமோ எண்டு முடிவு சொல்லவேணும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராட்டி ரெண்டு மாதத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. அனேகமான ஆக்கள் விடுறது அந்த மேன்முறையீட்டு 14 நாளைத்தான். கலண்டரில குறிச்சு வையுங்கோ.

பட்டிக்காரன்:

கட்டாக்காலி மாட்டுக்கு ஆரும் எழுதேல்லை. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற விசயம் இது. மேய்ச்சல் தரை இல்லாமல் மாட்டுக்காரர் எங்க போறது எண்டதும் உண்மை, பயிர் அழியிறதும் உண்மை. காலபோகக் கூட்டத்தில மாடுகளை வயல்வெளியால அப்புறப்படுத்தவேண்டிய திகதியை முடிவெடுக்கிறவை. அந்தத் திகதிக்கு முன்னம் வந்த மாட்டுக்கும் பிறகு வந்த மாட்டுக்கும் வித்தியாசம் இருக்கு. முறைப்பாட்டில மாடு வந்த நேரம், எத்தினை மாடு, எந்தப் பக்கத்தால, குறி சுட்டிருந்தா அந்தக் குறியை வரைஞ்சு காட்டுறது, அழிஞ்ச பரப்பு, பயிரின்ர வயது எல்லாம் இருக்கவேணும். வீதியில படுக்கிற மாடு பிரதேச சபையின்ர வேலை. வயலுக்க வந்தது எண்டா கமக்காரர் அமைப்புக்கும் விதானையாருக்கும் அண்டைக்கே சொல்லி, அழிவைப் பாக்கச் சொல்லுங்கோ. ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னா நெல் திரும்பத் தளிர்த்திடும், அளக்கேலாது.

மாட்டை வெட்டிப்போட்டோ சுருக்கு வைச்சுப்போட்டோ முறைப்பாட்டுக்குப் போகாதேங்கோ. அதோட உங்கட வழக்கு முடிஞ்சுது.

மைல்கட்டை:

கரண்டுக்குச் சுருக்கமா. "லைற் மங்கல்" எண்டு மட்டும் சொன்னாக் காணாது, எப்ப மங்கல் எண்டு சொல்லவேணும். பின்னேரம் 6 மணியில இருந்து 10 மணிவரைக்கும் முழுத் தெருவும் மங்கி, விடியப்புறம் சரியா வந்தா டிரான்ஸ்போமருக்குப் பாரம் கூட, இல்லாட்டி கம்பி தூரம். ஒரு வீடு மட்டும் விட்டு விட்டு மினுங்கினா அந்த வீட்டு இணைப்பில பொருத்து இளகியிருக்கு. அது ஆபத்து, உடனடியாச் சொல்லவேணும். இருக்கவேண்டிய அளவு 230 வோல்ற், கூடினா குறைஞ்சா 6 சதவீதம். அதாவது 216க்குக் கீழ போகப்படாது. ஆரிட்டயாவது மீற்றர் இருந்தா மூண்டு நாள் இரவு 7 மணி அளவை எழுதிவையுங்கோ. கரண்ட் முறைப்பாட்டுத் தொலைபேசி 1987க்கு எடுக்கேக்க பில்லில உள்ள கணக்கு இலக்கத்தைக் கையில வைச்சிருந்து, அவை தாற முறைப்பாட்டு இலக்கத்தை எழுதுங்கோ. அந்த இலக்கம் இல்லாட்டி அடுத்த முறை திரும்ப முதல்ல இருந்து.

பஸ்ஸுக்கு: பஸ்ஸின்ர இலக்கத் தகடு, நேரம், ஏறின இடம், இறங்கின இடம், டிக்கற். மாகாணம் கடந்து ஓடுற தனியார் பஸ் எண்டா தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, தொலைபேசி 1955. வடக்குக்குள்ளயே ஓடுற தனியார் பஸ் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் எண்டா சாலை (டிப்போ) முகாமையாளர். மிச்சக்காசு தரேல்லை எண்ட முறைப்பாட்டில டிக்கற் இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது.

வாய்க்கால்கரை:

பொலிசுக்குப் போற விசயம்? வேலிச் சண்டை, கடன், மரம் வெட்டினது எண்டு கூட்டத்தில கனக்க வருது.

பதிவுத்தபால்:

அயலுக்க வாற வேலி, சின்னக் கடன், வாய்த்தர்க்கம் எல்லாத்துக்கும் மத்தியஸ்த சபை இருக்கு, 1988 இன் 72ஆம் இலக்கச் சட்டம். ரெண்டு பகுதியும் ஒவ்வொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அந்த ரெண்டு பேரும் சேர்ந்து தலைவரைத் தெரிவுசெய்வினம். சட்டத்தரணி வந்து பேசேலாது, நீங்களே பேசவேணும். சரிவராட்டி இணக்கம் ஏற்படேல்லை எண்டு சான்றிதழ் தருவினம். வழக்குக்குப் போறதெண்டா அதைக் கவனமா வைச்சிருங்கோ.

பொலிசில முறைப்பாடு குடுக்கேக்க நீங்கள் சொன்னதை எழுதி, உங்களுக்கு வாசிச்சுக் காட்டி, பிறகுதான் கையெழுத்து. விளங்காத மொழியில எழுதினதில கையெழுத்து வைக்காதேங்கோ. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கில நிருவாக மொழி தமிழ், பதிவேடுகளும் தமிழில இருக்கவேணும். நடைமுறையில சுகமான வழி: வீட்டிலயே தமிழில திகதி, நேரம், இடத்தோட எழுதிக்கொண்டு போங்கோ. வெளிக்கிட முதல் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கோ.

அரச அலுவலர் ஒருத்தரால அடிப்படை உரிமை மீறப்பட்டதெண்டா நாளை எண்ணுங்கோ. 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தா, அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில சேராது. விசாரணை நடக்குது எண்டதுக்குக் கடிதம் வாங்கி வைக்கவேணும். வவுனியாவில பிராந்திய அலுவலகம் இருக்கு, காசு கட்டத் தேவையில்லை, தொலைபேசி 1996.

பாலைப்பழம்:

தீர்மான இலக்கத்தோட சங்கத்தின்ர பேரில போறது எண்டது எனக்குச் சரியாப் படுது. ஒரு கேள்வி. முறைப்பாடு அந்த ஆளின்ர பேரிலதான் போகவேணும், ஆனா ஆளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அப்பிடி வயசுபோன அம்மாக்கள் எங்கட பக்கம் கனபேர். பேத்தி கையெழுத்து வைச்சாச் சரியோ?

கூட்டறிக்கை:

சரியில்லை. அம்மாவின்ர பேரில போற கடிதத்தில வேறை ஆள் அவவின்ர கையெழுத்தை வைக்கப்படாது, பேத்தியா இருந்தாலும். அம்மாவின்ர இடது பெருவிரல் அடையாளம் வையுங்கோ. மை கனக்கப் பூசினா ரேகை தெரியாது. மைப்பெட்டியில ஒருக்கா ஒத்திப்போட்டு, விரலின்ர ஒரு ஓரத்தில இருந்து மற்ற ஓரத்துக்கு உருட்டி எடுங்கோ. அதுக்குக் கீழ "இன்னாரின் இடது பெருவிரல் அடையாளம்" எண்டு எழுதி, "இக்கடிதம் வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தப்பட்ட பின் வைக்கப்பட்டது" எண்டு ஒரு வரி. சாட்சிக்கு ரெண்டு பேர், பேரும் விலாசமும் கையெழுத்தும். எழுதிக் குடுத்த ஆள் அதில ஒருத்தரா இருக்கலாம். வாசிச்சுக் காட்டேக்க அம்மா "அது இல்லைப் பிள்ளை, நான் சொன்னது வேறை" எண்டா, திருத்தி எழுதிப்போட்டுத்தான் விரலை வைக்கவேணும்.